மறியலில் இருந்து வருகிறவனுக்கு யார் கதவைத் திறப்பது?

(தோட்டப் பாடசாலை மண்டபத்தில் நடந்த உதவி இசை நிகழ்ச்சியும் சித்திர ஏலமும் தொடங்குவதற்கு முன், ஏற்பாட்டுக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



மழையில் நனைந்துகொண்டு வந்திருக்கிறீர்கள். மேல்கணக்கிலிருந்து குறுக்குப் பாதையில் இறங்கி வந்தவர்கள் காலில் அட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். வெளியே நம் பிள்ளைகள் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள். அது காய்ந்து நாதம் ஏறுவதற்குள் நாங்கள் பேசி முடித்துவிட வேண்டும் என்பது கட்டளை.

டிக்கட் விற்க லயம் லயமாக வந்தபோது ஓர் அம்மா எங்களிடம் கேட்டார்: "எங்க வீட்டுக் கோழியத் தூக்கிட்டுப் போனவனுக்கா நாங்க காசு குடுக்கணும்?" எங்களுக்குப் பதில் வரவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு நின்றோம். ஆனாலும் அவர் இரண்டு டிக்கட் வாங்கினார். இப்போது மூன்றாவது வரிசையில் இருக்கிறார். அன்றைக்குச் சொல்ல வேண்டியதை இன்றைக்குச் சொல்லப் பார்க்கிறோம்.

இன்றைக்கு நடக்கப் போவது இரண்டு காரியம். முதலில் பாட்டு. பிறகு சித்திர ஏலம். சேருகிற காசு மறியலில் இருந்து வீடு திரும்பியவர்களுக்கும், இன்னமும் உள்ளே இருக்கிறவர்களுடைய பிள்ளைகளுக்கும். யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்கப்போவதில்லை. தச்சு வேலை பழகி வந்தவனுக்கு வாளும் உளியும், தையல் பழகி வந்த தங்கச்சிக்கு மெஷின், மகனைப் பார்க்கத் தும்பறைக்குப் போகிற தாய்க்கு பஸ் செலவு, பிள்ளைக்குச் சப்பாத்தும் கொப்பியும். கணக்கு அடுத்த மாதக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாசிக்கப்படும்.

ஏலம் நமக்குப் புதிய விசயமில்லை. திருவிழா முடிந்த இரவு சாமிக்குச் சாத்திய மாலையையும் வேலில் குத்திய எலுமிச்சம்பழத்தையும் ஏலம் கூறுகிறோம். கடையில் சில்லறைக்கு வாங்குகிற பழம் கோயிலில் ஆயிரக்கணக்கில் போகிறது. பழத்தின் புளிப்புக்காகவா அந்த விலை? யார் கையில் இருந்து வந்தது என்பதற்காக. இன்னோர் ஏலமும் உண்டு. 1883 ஜூலை 30ஆம் திகதி கொழும்பில் தேயிலை ஏலம் முதன்முதலாக நடந்தது. அன்று தொடங்கியது இன்றுவரை நடக்கிறது. 2020இல் அது கணினி வழிக்கும் மாறிவிட்டது. நாம் பறித்த கொழுந்து தூளாகி அங்கே போகிறது. ஆனால் அந்த ஏலத்தை நம்மில் எத்தனை பேர் கண்ணால் கண்டிருக்கிறோம்? ஆகவே, நம் மண்டபத்தில் நம் பிள்ளைகள் கீறிய படத்துக்கு நாமே விலை கேட்கிற ஏலம் ஒன்று ஒருநாளாவது நடக்கட்டும் என்று நினைத்தோம்.

இனி அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறோம்.

மறியல் என்றால் அது வேறு யாருக்கோ உள்ளது, நம்முடைய குடும்பத்துக்கு ஆகாது என்று நாம் நினைக்கிறோம். ஆனால் நம்முடைய பாட்டன் பூட்டன் காலத்தில் மறியலுக்குப் போகக் கோழி திருட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் என்று ஒன்று இருந்தது. தோட்டத்தில் பேர் பதிந்த தொழிலாளி முன்கூட்டி அறிவிக்காமல் வேலையை விட்டுப் போனால் அது குற்றம். துரை முறைப்பாடு செய்தால் பிடித்துக்கொண்டு வந்து சிறையில் போடலாம். கடன் துண்டு கழுத்தில் தொங்க, சம்பளம் மாதக்கணக்கில் நிற்க, பக்கத்துத் தோட்டத்துக்கு ஓடிப் போன மனிதன் சட்டத்தின் கண்ணில் கைதி. 1921ஆம் ஆண்டு வந்த சட்ட மாற்றத்தோடுதான் வேலையை விட்டதற்காகச் சிறைக்கு அனுப்புகிற வழக்கம் ஒழிந்தது. ஐம்பத்தைந்து வருசத்துக்கு மேலாக அது நடந்தது. இங்கே இருக்கிற எத்தனையோ குடும்பங்களின் முன்னோர் அந்த வழியாகப் போய் வந்திருப்பார்கள். அவர்களைத் திருடர் என்று நாம் சொல்லுவோமா?

கண்டியில் போகம்பரைச் சிறையை நம்மில் வயதானவர்கள் எல்லோரும் வெளியில் இருந்தாவது பார்த்திருப்பீர்கள். 1876இல் கட்டிய மதில். 1941இல் புசல்லாவைப் பக்கம் ஸ்டெலன்பேர்க் தோட்டத்துத் துரை கொல்லப்பட்ட வழக்கில் இரண்டு தொழிலாளிகள் அடுத்த வருசம் அங்கேதான் தூக்கில் போடப்பட்டார்கள். தொழிற்சங்கம் வைத்ததற்காக வேலை போன காலத்தின் கதை அது. இன்று அதை விரிக்க நேரமில்லை. 2014இன் தொடக்கத்தில் போகம்பரையை மூடிவிட்டு, பல்லேகலையில் தும்பறைச் சிறைக்குக் கைதிகளை மாற்றினார்கள். பஸ்சில் மதிலைக் காட்டி "அந்தா போகம்பரை" என்று பிள்ளைகளைப் பயம் காட்டிய நாம் இப்போது அதைத் தாண்டிச் சும்மா போகிறோம்.

இந்தக் காலத்தில் யார் உள்ளே போகிறார்கள்? கொலைகாரனும் கொள்ளைக்காரனும்தான் என்று படத்தைப் பார்த்து நினைத்துக்கொள்கிறோம். தீர்ப்புப் பெற்று உள்ளே போகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தண்டப்பணம் கட்ட முடியாதவர்கள் என்று சிறைச்சாலைத் திணைக்களத்தின் கணக்கே பல வருடங்களாகக் காட்டுகிறது. காசு இருந்திருந்தால் அன்று பின்னேரமே வீட்டுக்கு வந்திருப்பார்கள். கசிப்பு வழக்கில் பிடிபட்டவனுக்கும், குடித்துவிட்டு ரோட்டில் சண்டை போட்டவனுக்கும் நீதவான் தண்டம் போடுகிறார். முதலாளி கட்டிவிட்டு வான் ஏறிப் போகிறார், அவருக்காகப் போத்தல் சுமந்தவன் உள்ளே போகிறான். இது எல்லோருக்கும் தெரியும், வெளியில் சொல்லத்தான் மாட்டோம். இவர்கள் போக, பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் சந்தேகத்தின் பேரில் பிடிபட்டு, வழக்கு முடியும் வரை வருசக் கணக்கில் கிடந்து வந்த மலையகப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

உள்ளே போவது ஒரு கஷ்டம். வெளியே வருவது அதைவிடக் கஷ்டம் என்று எங்களுக்குத் தெரியவந்தது ஒரு தம்பியால். பேர் வேண்டாம். தண்டம் கட்ட வழியில்லாமல் சில மாதம் இருந்துவிட்டு வந்தவன். காலையில் விட்டார்கள். மத்தியானமே அட்டனுக்கு வந்துவிட்டான். ஆனால் வீட்டுக்கு வரவில்லை. பகல் வெளிச்சத்தில் வந்தால் லயம் முழுதும் வாசலுக்கு வந்து பார்க்கும் என்று இருட்டும் வரைக்கும் தேயிலைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தானாம். அவன் உட்கார்ந்திருந்த மலைக்குக் கீழேதான் அவன் அம்மா அன்றைக்குக் கொழுந்து பறித்தார். மகன் மேலே இருப்பது அவருக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு பேர் போட மறுத்தார்கள். தங்கச்சிக்குப் பேசிய சம்பந்தம் நின்றுபோனது. கடையில் கடன் கொடுக்கவில்லை. இதையெல்லாம் செய்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்த நேரம் நாங்களும் அந்த வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்கு மேடையில் நின்று பேசுகிற எங்களுக்கு அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சொல்லாமல் விட்டால் அது இன்னும் பெரிய வெட்கம்.

இனி, பெரியவர்களுக்குப் பிடித்த ஒரு கதையைச் சொல்கிறோம். எம்.கே. தியாகராஜ பாகவதரையும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனையும் தெரியாத தோட்டம் உண்டா? இரண்டு பேரும் மறியலில் இருந்தவர்கள். 1944 நவம்பரில் சென்னையில் லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகைக்காரர் குத்துப்பட்டு இறந்தார். அந்த வழக்கில் டிசம்பரில் இருவரையும் பிடித்தார்கள். அப்போது பாகவதர் நடித்த 'ஹரிதாஸ்' வெளியாகி ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. 1945இல் ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவுக் கவுன்சில் வரை போய், மறுபடி சென்னை உயர் நீதிமன்றத்தில் விசாரித்து, 1947 ஏப்ரலில் இருவரையும் குற்றமற்றவர்கள் என்று விடுதலை செய்தார்கள். ஒரே வழக்கு, ஒரே நாள் விடுதலை.

பிறகு என்ன நடந்தது? கலைவாணர் உள்ளே இருக்கும்போதே அவர் மனைவி டி.ஏ. மதுரமும் எஸ்.வி. சகஸ்ரநாமமும் நாடகக் குழுவைக் கலையவிடாமல் நடத்தினார்கள். 'பைத்தியக்காரன்' என்ற படத்தையும் எடுத்தார்கள். அவர் வெளியே வந்ததும் அந்தப் படத்திலேயே அவருக்கும் இடம் இருந்தது. சொல்லப்போனால் அவருக்கு வேலை வாசலிலேயே காத்திருந்தது. மறியலில் பட்டதை வைத்தே ஜனங்களைச் சிரிக்க வைத்தார். 1949இல் 'நல்லதம்பி', 1951இல் 'மணமகள்', 1952இல் 'பணம்' என்று போனார். 1957இல் இறக்கும்வரை அவர் ஜனங்களின் ஆள்தான்.

பாகவதருக்கு அப்படி அமையவில்லை. பிடிபட்டபோது கையில் இருந்த படங்கள் எல்லாம் கை மாறிப் போயின. 1948இல் 'ராஜமுக்தி' எடுத்தார், ஓடவில்லை. 1952இல் 'அமரகவி'யும் அப்படியே. 1959 நவம்பரில் ஐம்பது வயது ஆவதற்கு முன்னே கண்ணை மூடினார். ஊர் அவரை வெறுத்துத் தள்ளியது என்று சொன்னால் அது நியாயமாகாது. காலமும் ரசனையும் மாறிவிட்டன, பாட்டைவிட வசனத்துக்குக் கைதட்டல் அதிகமாகிவிட்டது. ஆனாலும் எங்களுக்குப் படுகிறது: இரண்டரை வருசம் ஒருவனுக்காக ஒரு குழு பிழைப்பை நடத்திக்கொண்டு இடத்தை வெறுமையாக வைத்திருந்தது, மற்றவனுக்கு அப்படி ஒரு குழு இல்லை. அவ்வளவு பெரிய சிங்காரக் குரலுக்கே அந்தக் கதி என்றால், கூலிக்குக் குழி வெட்டுகிற நம் பிள்ளைக்கு?

அடுத்தது, கொல்கத்தாவில் நடந்தது. அலோகானந்தா ராய் என்கிற நாட்டியக்காரப் பெண்மணி 2007இல் மகளிர் தினத்தையொட்டி அங்குள்ள பிரசிடென்சி சிறைக்குப் போனார். போனவர் அதோடு நிற்கவில்லை. ஆண் கைதிகளுக்கே ஆடக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். "நாங்கள் ஆம்பிளைகள், ஆடுவதா" என்று முதலில் தயக்கம். காமன் கூத்திலே ரதி வேசம் கட்டுகிற நம்முடைய பொடியன்கள் அங்கே இருந்திருந்தால் அந்தத் தயக்கம் வந்திருக்காது! தாகூர் எழுதிய 'வால்மீகி பிரதிபா' என்ற இசை நாடகத்தைக் கைதிகள் பழகினார்கள். ராமாயணம் பாடிய வால்மீகி முன்னே வழிப்பறிக்காரன் என்பது உங்களுக்குத் தெரிந்த கதைதான். அந்தக் கதையைக் கைதிகளே நடித்தார்கள், அதுவும் சிறைக்கு உள்ளே மட்டுமல்ல. பொலிஸ் காவலோடு நகரத்து மண்டபங்களுக்கு வந்து ஜனங்கள் முன்னால் ஆடினார்கள்.

அதில் வால்மீகியாக ஆடிய நைஜல் அக்காரா ஒன்பது வருசம் போல உள்ளே இருந்தவர். 2009இல் வெளியே வந்தார். வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் அவர் யார் என்று தெரிந்ததும் கதவு மூடியது. கடைசியில் கட்டடங்களைத் துப்புரவு செய்கிற ஒரு சிறு நிறுவனத்தைத் தானே ஆரம்பித்தார். தன்னைப்போல மறியலில் இருந்து வந்தவர்களையே வேலைக்குச் சேர்த்தார். 2012இல் அந்தச் சிறை நாடகத்தைப் பற்றியே 'முக்தோதாரா' என்று ஒரு வங்காளப் படம் வந்தது, அதிலும் அவரே நடித்தார். மேடையில் அவருக்குக் கைதட்டிய நகரம் வேலை என்று கேட்டபோது கையை விரித்தது. இந்த இடத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு நாமும் கைதட்டத்தான் போகிறோம்.

சிங்கப்பூரில் இதை அரசாங்கமே முன்னின்று செய்கிறது. 2004இல் 'மஞ்சள் ரிப்பன்' இயக்கம் என்று தொடங்கினார்கள். அப்போது ஜனாதிபதியாக இருந்தவர் நம் தமிழர் எஸ்.ஆர். நாதன், அவர்தான் தொடக்கி வைத்தார். 1973இல் பேர் பெற்ற ஓர் ஆங்கிலப் பாட்டிலிருந்து எடுத்த பெயர். சிறையில் இருந்து திரும்புகிறவன், தன்னை ஏற்றுக்கொள்வதாக இருந்தால் வீட்டு மரத்தில் மஞ்சள் ரிப்பன் கட்டிவை, இல்லாவிட்டால் பஸ்சில் இருந்து இறங்காமலே போய்விடுகிறேன் என்று மனைவிக்குச் சொல்லி அனுப்புவதாக அந்தப் பாட்டுக் கதை. தேயிலைக்குள் உட்கார்ந்திருந்த நம் தம்பியின் கதைதானே அது? கைதிகள் பாடுகிற கச்சேரி, அவர்கள் வரைந்த படங்களின் கண்காட்சி, அதில் சேரும் காசில் ஒரு நிதி, வேலை கொடுக்கிற கம்பெனிகளின் பட்டியல் என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டினார்கள். 1998இல் விடுதலையானவர்களில் நூற்றுக்கு 44 பேர் போல இரண்டு வருசத்துக்குள் திரும்பவும் உள்ளே போனார்கள். பிந்திய வருசங்களில் அது நூற்றுக்கு 25க்கும் கீழே இறங்கியிருக்கிறது. அது கச்சேரியால் மட்டும் இறங்கியது என்று நாங்கள் சொல்லமாட்டோம். வேலைதான் பெரிய காரணமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

கோழி போன அம்மாவுக்கு இன்னும் நேர் பதில் சொல்லவில்லை. சொல்கிறோம். இங்கிலாந்தில் ஆர்தர் கோஸ்லர் என்ற எழுத்தாளர் இருந்தார். 1937இல் ஸ்பெயின் நாட்டு யுத்தத்தின்போது பிடிபட்டு மரண தண்டனைக் கைதியாகச் சிறையில் கிடந்தவர். பிறகு தப்பிப் பிழைத்து, 1962இல் கைதிகளின் சித்திரங்களுக்கும் எழுத்துக்கும் பரிசு கொடுக்கிற ஏற்பாட்டைத் தொடங்கினார். அது இன்றுவரை நடக்கிறது. அங்கே ஒரு படம் விற்றால் வரைந்தவருக்குப் பாதி. மற்றப் பாதியில் ஒரு பங்கு, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவுகிற அமைப்புக்குப் போகிறது. இதைக் கேட்டதும் எங்களுக்குச் சுருக்கென்றது. நாங்கள் போட்ட திட்டத்தில் இழந்தவர்களுக்கு என்று ஒன்றுமே இல்லை. அம்மா கேட்டிராவிட்டால் எங்களுக்குத் தோன்றியிருக்கவும் மாட்டாது. ஆகவே குழு கூடி முடிவை மாற்றினோம். இன்றைய ஏலப் பணத்தில் நாலில் ஒரு பங்கு, இந்தத் தோட்டத்தில் களவாலும் சண்டையாலும் நட்டப்பட்ட வீடுகளுக்கு. எங்கள் பட்டியலில் முதல் பேர் யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. கோழியாகவே கொடுப்போம் அம்மா, காசாக இல்லை.

இடையில் இரண்டு உபயோகமான விசயம். தண்டம் விதித்தால் உடனே கட்ட முடியாதென்று பேசாமல் உள்ளே போய்விடாதீர்கள். தவணை கேட்கலாம், பகுதி பகுதியாகக் கட்ட அனுமதி கேட்கலாம். லோயருக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டது. சிறிய குற்றங்களுக்குச் சிறைக்குப் பதிலாகச் சமூக சேவை செய்யும்படி கட்டளையிடவும் 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும். வாய் திறக்காமல் தலையை ஆட்டிவிட்டு வருவது நம்முடைய பழைய பழக்கம். செப்டெம்பர் 12 தேசிய சிறைக்கைதிகள் தினம். அந்த நாளையொட்டி ஒரு வான் பிடித்து, உள்ளே இருக்கிறவர்களின் குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு போகவும் எண்ணம் இருக்கிறது. இடம் வேண்டியவர்கள் குழுவில் யாரிடமாவது பேர் கொடுங்கள்.

இனி படங்களைப் பற்றி. சுவரில் தொங்குகிறவற்றில் பாதி பாடசாலைப் பிள்ளைகள் கீறியவை. மீதி, போய் வந்தவர்கள் கீறியவை. யாருடையது எது என்று எழுதவில்லை. அது அவர்கள் கேட்டுக்கொண்டது. பாடப் போகிற ஆறு பேரில் இரண்டு பேர் அப்படிப் போய் வந்தவர்கள். அவர்களையும் நாங்கள் காட்டித் தரமாட்டோம். நீங்கள் கண்டுபிடித்தாலும் பாட்டு முடிகிற வரை பேசாமல் இருங்கள்.

முதலில் ஏலம் போவது கரிப் பென்சிலால் கீறிய படம். ஓர் அம்மா கூடை மாட்டிக்கொண்டு மலையில் நிற்கிறார். நேற்று இதைத் தொங்கவிடும்போது கொழுந்துக்காரப் பெண்கள் நாலு பேர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். தலைக்கயிறு தப்பாக இருக்கிறதாம். அப்படிப் போட்டால் இரண்டு தேயிலைச் செடி தாண்டுவதற்குள் கூடை சரிந்துவிடுமாம். கீறியவரிடம் போய்ச் சொன்னோம். நேரில் பார்த்துக் கீற வசதி இருக்கவில்லை, நினைப்பில் இருந்து கீறினேன் என்றார். அழித்துத் திருத்தட்டுமா என்று கேட்டார். அந்தப் பெண்களிடமே போய்க் கேட்டோம். "வேணாம், அப்படியே இருக்கட்டும்" என்றார்கள். அதில் ஒருவர் அந்தப் படத்துக்குத் தானும் கேட்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

தப்புச் சத்தம் கேட்கிறது, காய்ந்துவிட்டது. முதலில் பாட்டு, அதன் பிறகு கோயிலில் ஏலம் கூறுகிற அண்ணனே இங்கேயும் கூறுவார். தொடக்க விலை ஐந்நூறு ரூபா. பிள்ளைகளே, உள்ளே வாங்க.